எழுப்புச்சொல்

பங்குனி பிறந்ததும் எங்கள் ஊர் குளிக்கக் கிளம்பும். குளித்து முடித்துத் தலை துவட்ட ஆவணி ஆகிவிடும்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். அவர்கள் தூத்துக்குடி வெயிலைப் பார்த்ததில்லை. சித்திரையில் இங்கே காகம் பறக்காது. சுவரோரம் நிழல் பார்த்து நடந்துதான் போகும். பறந்தால் கருகிவிடும். ஏற்கெனவே கறுப்பு என்பதால் கருகியதா இல்லையா என்று நமக்கும் தெரிவதில்லை. கடலில் அலை கரைக்கு வருவதற்குள் பாதி ஆவியாகி, மீன் மட்டும் வந்து சேரும், அரைவேக்காட்டில். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. அப்போது என் கண்ணில் புரை இருந்தது என்பது வேறு விஷயம்.

ஊர் குளிக்கிற இடத்துக்கு நலமிதப்பகம் என்று பெயர். உப்பளங்களுக்கு அடியில் தோண்டிய நீண்ட கூடம். அதில் வரிசை வரிசையாக மிதவைத்தொட்டிகள். தொட்டிக்குள் இருப்பது உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த உப்பு கலந்த நீர். எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உடம்பு அதில் தானாக மிதக்கும். நீரின் சூடும் தோலின் சூடும் ஒன்றே. மூடியைப் போட்டுவிட்டால் வெளிச்சம் கிடையாது, சத்தம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. சத்துநீர் போக ஒரு குழாய், கழிவு வர ஒரு குழாய். வெயில் தணியும்வரை மனிதர்கள் இப்படித்தான் ஊறிக்கொண்டிருப்பார்கள்.

என் வாலிபத்தில் இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. நான் அப்படியொரு ஃப்ளோட் சென்டரில் துண்டு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு மணி நேரம் மிதப்பு, புல்லாங்குழல் இசை, வெட்டிவேர் மணக்கும் துண்டு, முடிந்ததும் இஞ்சி டீ. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் மிதந்துவிட்டு வந்து, "மறுபடி பிறந்த மாதிரி இருக்கு" என்பார்கள். மறுபடி பிறந்தவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். பிறகு வெயில் ஏறியது. தண்ணீர் போதவில்லை, கரண்ட் போதவில்லை. நிற்கிற மனிதனைவிட மிதக்கிற மனிதனுக்குச் சோறும் நீரும் மிகக் குறைவாகப் போதும் என்று அரசாங்கத்தில் ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார். அவர் மிதந்தாரா என்பது தெரியவில்லை.

சட்டமாக வந்தபிறகும் பேச்சு மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் கூடத்தில் வெட்டிவேர் மணம் உண்டு. எழுந்தவர்களுக்கு இஞ்சி டீ உண்டு. சுவரெல்லாம் பலகைகள்: 'உங்களுக்குள் பயணம் செய்யுங்கள்.' அப்படிப் போன சிலர் திரும்பவில்லை. பயணம் வெற்றி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

நான் அங்கே தொட்டிக்காவல். கிழவர்களை அரசாங்கம் தொட்டியில் போடுவதில்லை. எங்கள்மேல் உள்ள பாசத்தால் அல்ல. வெளியே நின்று கூப்பிட ஆள் வேண்டும் என்பதால். அதைச் சொல்கிறேன்.

இருட்டில், சத்தமே இல்லாமல் கிடக்கும் மனம் சும்மா கிடக்காது. முதலில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டும். அப்புறம் யாரோ பேசுவார்கள். அப்புறம் ஒரு கதவு, ஒரு அடுக்களை, அடுப்பில் ஏதோ கொதிக்கிற மணம். கடைசியில் முழு வீடே கட்டி முடித்து, உள்ளே ஆட்களையும் குடிவைத்துவிடும். நாங்கள் அதை உள்வீடு என்கிறோம். மிதக்கிறவர்கள் உள்வீட்டில் பேசுவது உதட்டில் முனகலாக வரும். அதைக் கேட்க ஒவ்வொரு மூடியிலும் ஒரு முனகல்பெட்டி உண்டு. மூச்சு சீராக இருக்கிறதா என்று கேட்பதற்காக வைத்தது. நாங்கள் ரேடியோ மாதிரி வைத்துக் கேட்போம். ஒரு டீச்சரம்மா கோடை முழுக்கப் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எல்லாரையும் பாஸ் போட்டார். மளிகைக்கடை பால்துரை உள்வீட்டிலும் கடைதான் வைத்திருந்தார். அங்கேயும் "சில்லறை இல்ல" என்றுதான் முனகினார்.

முதல் வருடம் எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. வெயில் தணிந்ததும் மூடியைத் திறந்து, ஆட்களைத் தூக்கி வெளியே உட்காரவைத்தோம். கண் திறந்திருந்தது. வாயில் தண்ணீர் விட்டால் விழுங்கவில்லை. உடம்பு வெளியே வந்துவிட்டது, ஆள் உள்வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்த ஆவணியில் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு இடம் போதாமல் பக்கத்து உப்பளத்தை எடுக்க வேண்டியிருந்தது. உப்பில் புதைத்ததால் அவர்கள் இன்னும் கெடாமல் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். நான் தோண்டிப் பார்க்கவில்லை.

அதன்பிறகுதான் கூப்பாடு வந்தது. உள்ளே இருப்பவரைப் பிரியமான ஒரு குரல் கூப்பிட வேண்டும். அவராகக் கதவைத் திறந்துகொண்டு வர வேண்டும். பதிவு செய்த குரலுக்கு வரமாட்டார்கள். அதைப் பாட்டாக்கிக்கொண்டு அங்கேயே தாளம் போடுவார்கள். உயிருள்ள குரல்தான் வேண்டும். அதனால் முதலில் கிழவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவோம். எழுந்த பிள்ளைகள் தங்கள் பெண்டாட்டியை, புருஷனைக் கூப்பிடுவார்கள். அவர்கள் தங்கள் குழந்தைகளைக் கூப்பிடுவார்கள். ஊர் இப்படிச் சங்கிலியாக எழும். நடுவில் ஒரு கண்ணி எழவில்லை என்றால் அவருக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் தொங்கலில்தான்.

ஆரம்பத்தில் இதிலும் ஒரு சிக்கல். ஒரு அம்மா வந்து, தொட்டிமேல் குனிந்து, "ஏங்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள். அந்த வரிசையில் இருந்த ஆண்களில் பாதிப்பேர் விருட்டென்று எழுந்து மூடியில் தலையை இடித்துக்கொண்டார்கள். அவள் புருஷன் மட்டும் எழவில்லை. அவருக்குக் காது மந்தம். அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் எழுப்புச்சொல். வேறு யாரும் யாரையும் கூப்பிடாத சொல்லாக இருக்க வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. இரண்டு பேருக்கு மட்டும் தெரிய வேண்டும். தொட்டிக்காவலுக்கு எல்லாம் தெரியும், பாதிரியாருக்குப் பாவங்கள் தெரிவது மாதிரி.

அப்புறம் ஒரு நம்பிக்கை பரவியது. தினமும் புழங்கினால் சொல் தேய்ந்துவிடும். உள்ளே இருப்பவருக்கு அது வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிவிடும். டாக்டர்களும் ஆமாம் என்றார்கள். பலகை ஏறியது: 'எழுப்புச்சொல்லைச் சேமியுங்கள்.' எங்கள் ஊர்க்காரர்கள் சேமிப்பதில் கெட்டிக்காரர்கள். சொல்லைச் சேமித்தார்கள். அந்தச் சொல்லுக்குப் பக்கத்துச் சொற்களையும் சேர்த்துச் சேமித்தார்கள். எதற்கு வம்பு என்று செல்லமாகப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். வீடுகளில் தொட்டி எண்ணைச் சொல்லித்தான் கூப்பாடு. "நாப்பத்தாறு, சோறு ஆறுது." "பதினேழு, வீட்டுப்பாடம் முடிச்சியா?" பார்க்கில் காதலர்கள்கூட எண்களைத்தான் காதில் ஓதிக்கொண்டார்கள்.

நாற்பத்தாறு என்பது கிளாட்வின். உப்பளத்தில் உப்பு வாரும் இயந்திரம் ஓட்டுகிறவன். நாளெல்லாம் உப்பில் நிற்பவன் வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் புகுந்து, சீனி டப்பாவைத் திறந்து நின்றபடியே தின்பான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி ஜெனிபா அவனைக் கையும் டப்பாவுமாகப் பிடித்து, "ஏ எறும்பு!" என்றாளாம். அதில் அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவ்வளவு பிடித்த சொல் என்பதால் அதையே எழுப்புச்சொல்லாக வைத்தார்கள். வைத்த அன்றோடு அவள் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். நல்ல பெண். புருஷன்மேல் உயிராக இருந்ததால் கண்டிப்பாகச் சேமித்தாள். இரண்டு கோடைகள் அந்தச் சொல்லைக் கேட்டதும் கிளாட்வின் ஓடிவந்தான்.

மூன்றாவது கோடையில் நான்தான் அவன் தொட்டியை மூடினேன். ஜெனிபா பக்கத்தில் நின்றாள். அடுத்து அவள் தொட்டி. அவன் தண்ணீரில் படுத்தபடி தலையை மட்டும் தூக்கினான்.

"ஏட்டி, ஒரு தடவ கூப்புடேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். காதுல விழுந்தா சந்தோசமா உள்ள போவேம்லா."

"நல்லா இருக்கே! வருசம் பூரா பொத்திப் பொத்தி வச்சத இங்க வந்து கொட்டச் சொல்லுதீயளா? ஆவணியில கூப்பிடுதேன். அப்பக் கேளுங்க."

"ஒரே ஒரு தடவட்டி. வருசம் பூரா நாப்பத்தாறு, நாப்பத்தாறுன்னு கேட்டு, பஸ்சு மாரி ஆயிட்டேன்."

"அண்ணாச்சி, நீங்க மூடியப் போடுங்க," என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் போட்டேன்.

அந்தக் கோடையில் நாற்பத்தாறாம் முனகல்பெட்டி ரொம்பக் கலகலப்பு. "இந்தா வந்துட்டேன்ட்டி" என்பான். "இன்னொரு தடவ சொல்லு" என்பான். சிரிப்பான். மற்ற காவல்காரர்களும் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்துத் தொட்டியில் ஜெனிபா அடிக்கடி எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். "நூலு தீந்துட்டு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வெளியேயும் அவள் தையற்காரிதான்.

ஆவணியில் கூப்பாடு தொடங்கியது. ஜெனிபாவைக் கூப்பிட அவள் அம்மா மெர்லின் வந்தாள். "ஏ முட்டக்கண்ணி!" என்று ஒரே அதட்டல். ஜெனிபா எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா இப்படிக் கத்துத? ஊரு கேக்காதா?" என்றாள். ஊர் முழுக்க மூடிக்குள் இருந்தது. இஞ்சி டீயைக் குடித்து, முகம் கழுவி, தலை சீவி, கன்றுக்குட்டிக் கால்களோடு தள்ளாடி நாற்பத்தாறுக்கு வந்தாள். மூடியில் உள்ள கூப்பாட்டுச் சன்னலைத் திறந்துவிட்டேன். தொண்டையைச் செருமினாள். வருடம் முழுக்கப் பூட்டி வைத்த நகையை எடுத்துப் போடுகிறவள் மாதிரி முகம் ஜொலித்தது.

"எறும்பு," என்றாள்.

"என்னட்டி?" என்றது முனகல்பெட்டி.

பார்த்தீர்களா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "எறும்பு, எந்திரிங்க. ஆவணி வந்துட்டு."

"இங்கனதானட்டி இருக்கேன். நான் எங்க போயிட்டேன்?"

விழிப்புக்கோடு என்று திரையில் ஒன்று ஓடும். ஆள் எழப்போகிறார் என்றால் அது மேலே ஏறும். அது படுத்த படுக்கையாக ஓடிக்கொண்டிருந்தது.

"எறும்பு, வாங்க. வீட்டுக்குப் போவோம்."

"வீட்லதான இருக்கோம். கோட்டிக்காரி." சிரித்தான். "கண்ண மூடிக்கிட்டு இன்னொரு தடவ கூப்புடு பாப்போம்."

கூப்பிட்டாள். அவன் பதில் சொன்னான். மறுபடி கூப்பிட்டாள். பதில் வந்தது. ஒவ்வொரு பதிலும் அவள் கேள்விக்கு ஒரு விரற்கடை தள்ளி இருந்தது, பக்கத்து வீட்டில் நடக்கும் பேச்சு மாதிரி. மதியம்வரை கூப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, அவிய யார்ட்ட பேசுதாவ?"

"ஒன்கிட்டதாம்மா. உள்வீட்ல இருக்கிற ஒன்கிட்ட."

"அங்க நான் என்ன செய்யுதேன்?"

"கேக்குறதப் பாத்தா, நாள் பூரா அவன அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க."

சன்னலில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு, "நான் சேத்து வச்சதெல்லாம் அவ எடுத்துச் செலவழிக்காளா?" என்றாள்.

பிறகு தினமும் வந்தாள். சங்கிலி மளமளவென்று எழுந்துகொண்டிருந்தது. கூடம் காலியாகி, துண்டுகள் காய்ந்து, தெருவில் ஆள் நடமாட்டம் வந்துவிட்டது. அவள் மட்டும் சன்னலில் வாயை வைத்துக் கூப்பிட்டாள். கெஞ்சினாள். தண்ணி லாரி வந்துவிட்டது என்றாள். "ரெண்டு கொடத்த எடுத்துட்டு வா, நானும் வாரேன்" என்று உள்ளே இருந்தவளிடம் சொன்னானே தவிர, அவன் எழவில்லை. வேறு ஏதாவது அவனுக்குப் பிடித்ததைச் சொல்லிப் பாரேன் என்றேன். யோசித்தாள். "அப்படி ஒண்ணும் வெளிய நாங்க பேசிக்கிட்டதில்லையே அண்ணாச்சி," என்றாள்.

மழை தொடங்கும்முன் தொட்டிகளை வடித்துக் கழுவ வேண்டும். அதற்குள் எழாதவர்களை நெடுங்கூடத்துக்கு மாற்றுவார்கள். நெடுங்கூடத்தில் மூடியை ஈயம் வைத்து அடைத்துவிடுவார்கள். குழாய்கள் ஓடும். உள்ளே இருப்பவர் செத்தவரும் இல்லை, வருகிறவரும் இல்லை. நல்ல நாளில் குடும்பத்தார் போய் மூடியைத் துடைத்துவிட்டு வரலாம். ஜெனிபாவின் அம்மா ஏற்கெனவே அதற்கென்று ஒரு பழைய துணியைக் கிழித்து வைத்துவிட்டாள். மெர்லின் எதிலும் முன்யோசனை உள்ள மனுஷி.

கடைசி வாரத்தில் டாக்டர் நிவேதிதா வந்தார். கோயம்புத்தூர்க்காரர். கெட்ட செய்தியையும் விருந்துக்கு அழைப்பது மாதிரிச் சொல்வார்.

"ஒரு வழி இருக்குதுங்க," என்றார் ஜெனிபாவிடம். "எதிர்க்கூப்பாடுன்னு பேருங்க. உள்ள இருக்கறவங்களும் உங்க குரல்லதான பேசறாங்க. நீங்க வெளிய இருந்து என்ன பேசினாலும் அது அங்க அவங்க வாயில வருமுங்க. நல்லதாப் பேசினா நல்லவங்களா இருப்பாங்க. கெட்டதாப் பேசினீங்கன்னா…"

"கெட்டவளா ஆயிருவா."

"ஆமாங்க. அந்த வீடு இருக்கறதுக்கு லாயக்கில்லாமப் போயிட்டா அவரே எந்திரிச்சு வெளிய வந்துருவாருங்க."

"வந்து?"

"வந்து உங்களோட இருப்பாருங்க."

ஜெனிபா என்னைப் பார்த்தாள். எனக்கு அபிப்பிராயம் கிடையாது; நான் துண்டு எடுத்துக் கொடுக்கிறவன். "எனக்கு அவிய வேணும்," என்றாள். சொல்லிவிட்டுச் சன்னலுக்குப் போனாள்.

கெட்டதாகப் பேச அவளுக்கு வரவில்லை. "இன்னைக்கி ஒங்களுக்குச் சோறு கெடையாது," என்று தொடங்கினாள்.

"பட்டினி கெடக்கேன்ட்டி. நீ பக்கத்துல இருந்தாப் போதும்," என்றது பெட்டி.

"ஒங்க துணியத் துவைக்க மாட்டேன்."

"நான் துவைக்கேன், குடு."

டாக்டர் மெல்லத் தலையை ஆட்டினார். "இன்னும் கொஞ்சம் காரமா வேணுமுங்க."

ஜெனிபா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பேசினாள். நீங்க, வாங்க என்பதெல்லாம் போய்விட்டிருந்தது.

"ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்கு வாந்தி வருது. ஒன் உப்பு நாத்தம் வீடு பூரா அடிக்கி. எங்கம்மா சொன்னாளேன்னுதான் ஒன்னயக் கெட்டுனேன். அன்னையில இருந்து இன்னைக்கி வரைக்கும் ஒரு நா நிம்மதியா ஒறங்கல."

பெட்டியில் சிரிப்பு நின்றது. "என்னட்டி ஆச்சு ஒனக்கு? ஏன் இப்படிப் பேசுத?"

விழிப்புக்கோடு ஒரு துள்ளுத் துள்ளியது. டாக்டர் விரலால் 'இன்னும்' என்று காட்டினார்.

"எறும்புன்னு கூப்பிட்டேனே, பிரியத்துலன்னா நெனச்ச? அடுக்களையில ஒன்னயப் பாத்ததும் அருவருப்பா இருந்துச்சு. காலால தேச்சிப் போடணும்போல இருந்துச்சு. அதான் அந்தப் பேரு."

"பொய் சொல்லாத. வேண்டாம்ட்டி. ஏ ஜெனி! என்ன செய்யுத? கைய எடு! வாயில இருந்து கைய எடு! மூச்சு முட்டும்ட்டி!"

"செத்துத் தொல," என்றாள் ஜெனிபா. எந்த எறும்பை, எந்த வீட்டில் இருப்பவளை என்று அவளுக்கே தெரிந்திருக்காது. குரல் மட்டும் கூடம் முழுக்கப் போனது.

பெட்டியில் ஓர் அலறல். கோடு திரையைவிட்டு மேலே போய்விட்டது. நானும் இன்னொரு காவல்காரனும் மூடியைத் தூக்கினோம். கிளாட்வின் எழுந்து உட்கார்ந்திருந்தான். உப்புத்தண்ணீரைக் கக்கினான். மூச்சு வாங்கினான். கண் எங்களைப் பார்த்தது, கூடத்தைப் பார்த்தது. டாக்டர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம், எழுப்பினால் தட்ட வேண்டும் என்பது இலாகா உத்தரவு.

ஜெனிபா அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளை நிதானமாகப் பார்த்தான்.

"நீயா," என்றான்.

"நாந்தான்."

"தெரியுது." கையை மரியாதையாக விடுவித்துக்கொண்டான்.

இஞ்சி டீ ஆறிக்கொண்டிருக்க, நடந்ததைச் சொன்னான். மற்றவர்கள் உள்வீட்டைக் கனவு மாதிரி மறந்துவிடுவார்கள். அவன் மறக்கவில்லை. உள்வீட்டு ஜெனிபா அடுக்களையில் சிரித்துக்கொண்டிருந்தாளாம். திடீரென்று அவள் வாயிலிருந்து வேறு யாரோ பேசினார்களாம். அவளுக்கே அது புரியவில்லை. பயந்துபோய் இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அப்படியும் பேச்சு விரல் இடுக்கு வழியாக வந்தது. இன்னும் இறுக்கிப் பொத்தினாள். அவன் கையைப் பிடித்து இழுத்தும் எடுக்கவில்லை. அவனை நோகடிக்கக் கூடாது என்று கடைசிவரை பொத்திக்கொண்டே இருந்து, மூச்சடைத்து, அவன் மடியிலேயே போய்விட்டாள்.

"அதுக்கப்புறம் அங்க எனக்கு என்ன இருக்கு அண்ணாச்சி," என்றான். "அதான் வந்துட்டேன்."

அன்று வீட்டுக்குப் போகும்போதே ஜெனிபா இனிமேல் எதையும் சேமிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அடுக்களையிலிருந்து வாய் நிறைய, "எறும்பு, சாப்பிட வாங்க," என்று கூப்பிட்டாளாம். அவன் வாசற்படியில் வந்து நின்று, ரொம்பத் தன்மையாகச் சொன்னானாம். "அது அவ கூப்பிடுற பேரு. நீ கூப்பிடாத. நாப்பத்தாறுன்னே சொல்லு." இதை மெர்லின் என்னிடம் சொன்னாள். மெர்லினுக்கு மருமகன்மேல் கோபம் இல்லை. துணியை வீணாகக் கிழித்துவிட்டோமே என்றுதான் வருத்தம்.

மறுநாள் ஊர்ச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. ஜெனிபாவின் கல்யாணப் போட்டோ. கீழே, 'வருந்தும் கணவர்' என்று கிளாட்வின் பெயர். நான் தண்ணீர் பிடிக்கப் போகும்போது, ஜெனிபாவே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். "போட்டோ நல்லா விழுந்துருக்கு, இல்ல அண்ணாச்சி?" என்றாள். ஆமாம் என்றேன். நல்ல போட்டோதான்.

நினைவு ஜெபத்துக்குப் பாஸ்டர் முதலில் வரமாட்டேன் என்றார். "இறந்தவரோட குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லணும். இங்க குடும்பம்னா ரெண்டே பேரு. அதுல ஒருத்தர் இறந்தவரு. நான் யாரப் பாத்து ஜெபம் பண்ண?" என்றார். ஜெனிபா போய்ப் பேசினாள். அவிய அழுது தீரட்டும் ஐயா, அழுது தீந்தா என்கிட்ட வந்துருவாவ என்றாளாம். பாஸ்டர் வந்தார். வீட்டு முன்னறையில் அவள் படத்துக்கு மாலை, பக்கத்தில் சிவப்பு பல்பு. மாலையைக் கட்டியது ஜெனிபாதான். தையற்காரி, கை நேர்த்தி. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டே ஜெபித்தார். அவருக்கும் வேறு வழியில்லை.

சாப்பாடு நன்றாக இருந்தது. ஜெனிபா பரிமாறினாள். பந்தியில் யாருக்கும் தலைநிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை. நான் பார்த்தேன், எனக்குக் குழம்பு வேண்டியிருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அந்தப் புள்ளைக்குத் தங்கச்சியா தாயி? அப்படியே உரிச்சு வச்ச மாரி இருக்க," என்று அழுதாள். ஜெனிபா, "ஆமா பாட்டி," என்று சொல்லி, கிழவிக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

எல்லாரும் போனபிறகு கை கழுவப் பின்பக்கம் போனேன். அடுக்களை வாசற்படியில் கிளாட்வின் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கீழே தரையில் ஜெனிபா. வந்த நாளிலிருந்து அவளிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவன் அன்று பேசிக்கொண்டிருந்தான். இழவு வீட்டில் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையா? பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

"அவ எப்படிப்பட்டவ தெரியுமா?" என்றான். "வேல முடிஞ்சு வந்தா மொதல்ல என் காலப் பாப்பா. உப்புல வெடிச்சிருக்கும்லா. தேங்காயெண்ணெயக் காய்ச்சி வச்சிருப்பா. ஒரு வெடிப்பு விடமாட்டா. தேச்சிக்கிட்டே பேசுவா."

"என்ன பேசுவா?" என்றாள் ஜெனிபா.

"என்னத்தையாவது. அன்னைக்கி யாரு வந்தா, யாரு போனா. நடுநடுவுல அந்தப் பேரச் சொல்லுவா. காரணமே இருக்காது. சும்மா சொல்லுவா."

அவள் எழுந்து உள்ளே போனாள். எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் எண்ணெயைத் தடவிக்கொண்டாள்.

"எந்தக் கால மொதல்ல தேப்பா?"

"எடது," என்றான். சொல்லிவிட்டு, இரண்டு கால்களையும் இழுத்து வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, அடுத்ததைச் சொல்லத் தொடங்கினான். அவள் எண்ணெய்க் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்சம் நிறுத்தும்போதெல்லாம், "பொறவு?" என்றாள்.